மேடையேறிய வழக்கங்கள்: இபாலோய் மக்களும் அவர்களின் பிள்ளைகளும்



பிலிப்பைன்ஸ் நாட்டின் வடக்கே லூசோன் தீவில் கோர்டில்லெரா என்றொரு மலைத்தொடர் இருக்கிறது. அதில் பெங்கெட் மாகாணத்தின் தென்பகுதியில் வாழ்கிறவர்கள் இபாலோய் மக்கள். கபாயான், போகோட், இத்தோகோன், தூபா, சப்லான், லா திரினிடாட் ஆகியவை அவர்களுடைய ஊர்கள். லூசோனின் மிக உயர்ந்த சிகரமான புலாக் மலை, 2,900 மீட்டருக்கும் மேலான உயரத்தில், கபாயானுக்கு மேலே நிற்கிறது. ஆற்றோரத்தில் நெல், சரிவுகளில் சேம்பும் சர்க்கரைவள்ளியும், பாறைக்குள் தங்கம், மேடுகளில் மாட்டு மந்தை என்று வாழ்ந்தவர்கள். மலையில் எடுத்த தங்கத்தைச் சமவெளிக்குக் கொண்டுபோய்க் கால்நடைகள் வாங்கிவந்த பழைய வணிகக்குடி அது.

இன்று அந்த ஊர்களில் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே ஆற்றாமைதான். பிள்ளைகளுக்குச் சடங்கு தெரியவில்லை, சொந்தப் பேச்சு வாயில் வரவில்லை, துக்க வீட்டுக்கு வந்தால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்காருகிறார்கள் என்பார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஏற்கவில்லை என்பதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கத்தான் வந்திருக்கிறேன். அந்த வழக்கங்களைத் தாங்கி நின்றவை நிலம், நெல், பன்றி, மொழி, ஓய்வான இரவுகள். இவை ஒவ்வொன்றாகப் பறிபோன பிறகே பிள்ளைகள் பிறந்தார்கள். பிறக்கும் முன்பே கைநழுவியதைக் கைவிட்டார்கள் என்று அவர்கள்மேல் பழி போடுவது அறமாகாது.

முதலில் ஒரு வழக்கம் எப்படி இயங்கியது என்று பார்ப்போம். கன்யாவ் என்ற பொதுப்பெயரால் அந்த மலைநாடெங்கும் அறியப்படும் விருந்துச் சடங்குகளில், இபாலோய் மக்களிடம் மிகப் பெரியது பெஷிட். பக்னாங் என்று சொல்லப்படும் செல்வர் குடும்பங்கள் அதை நடத்த வேண்டும். விருப்பமிருந்தால் நடத்தலாம் என்ற பேச்சே இல்லை, கடமை. ஒரு பெஷிட்டுக்கு இத்தனை பன்றி என்றால் அடுத்ததற்கு அதைவிடக் கூடுதல், அதுவும் ஒற்றைப்படை எண்ணிக்கையில். சேர்த்த செல்வம் இப்படி ஊர் வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

மம்புனோங் என்ற பூசாரி முன்னோர்களைப் பெயர் பெயராக அழைப்பார். பன்றியைப் பிளந்ததும் ஈரலையும் பித்தப்பையையும் உற்றுப் பார்ப்பார். பித்தப்பை நிறைந்து திரண்டிருந்தால் நல்ல குறி. வற்றிக் கிடந்தால் முகம் மாறும். இன்னொன்றை அறுக்கச் சொல்வார். முற்றத்தில் சோலிபாவ், கிம்பால் என்ற நீண்ட பறைகள் இரண்டு, வெண்கலச் சேகண்டிகள் இரண்டு, ஒன்றோடொன்று தட்டும் இரும்புத் துண்டுகள், ஆக ஐந்து பேர் வாசிக்க, தயாவ் ஆட்டம் நடக்கும். ஒரு நேரத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே ஆடுவார்கள். ஆண் தோள்களில் போர்வைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு முன்னே போவான். பெண் போர்வை போர்த்தி, கைகளை உயர்த்தி விரித்துப் பின்னே வருவாள். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் வாத்தியத்தை நிறுத்தச் சொல்லி உரத்த குரலில் வாழ்த்துச் சொல்வார். கூட்டம் ஒரே குரலாகப் பதில் கொடுக்கும். அதன் பிறகே ஆட்டம் தொடரும்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இறைச்சிப் பங்கு இருக்கும். வராதவர்களுக்கும், நோயாளிகளுக்கும், கிழவிகளுக்கும் பங்கு போகும். யாருக்கு எந்தப் பாகம் என்று முறை உண்டு. அந்தப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பெரும்பாலும் சிறுவர்களுடையது. எந்த வீடு எந்த உறவு, எந்தப் பெரியவரை எப்படி அழைக்க வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை நடந்து நடந்தே தெரிந்துகொண்டது. அதற்கென்று தனிப் பாடம் யாரும் எடுக்கவில்லை.

இதில் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அரிசிக் கள். அதைத் தப்பேய் என்பார்கள். ஒட்டும் தன்மையுள்ள அரிசியைச் சமைத்து, ஆறவிட்டு, தட்டில் பரப்பி, புபோட் என்ற புளிப்பு வில்லையைப் பொடித்துத் தூவி, வாழையிலையில் மூடி ஊறவைத்துப் பிறகு சாடியில் அடைப்பார்கள். ஊறுகிற நாட்களில் வீடே ஒரு மணமாக மணக்கும். தப்பேய் இல்லாமல் மம்புனோங் வாய் திறந்து முன்னோரை அழைக்க முடியாது. அந்தத் தப்பேய்க்கு மலைநெல் வேண்டும். மலைநெல்லில் செந்நிற அரிசியைக் கிந்தோமன் என்று பெருமையோடு சொல்வார்கள். அது ஆண்டுக்கு ஒருமுறை விளைவது. நீண்ட நாள் பயிர்.

இந்த நெல் எங்கே போனது? ஆக்னோ ஆற்றின் குறுக்கே 1956இல் அம்புக்லாவ் அணையும், 1960இல் பிங்கா அணையும் கட்டி முடிக்கப்பட்டன. போகோட், இத்தோகோன் பகுதிகளில் ஆற்றோர நெல்வயல்கள் தண்ணீருக்குள் போயின. குடும்பங்கள் சிதறின. மின்சாரம் சமவெளி நகரங்களுக்கு ஓடியது. மேலே மிஞ்சிய நிலத்தில் காய்கறி வந்தது. பாகியோ நகரிலிருந்து வடக்கே போகும் ஹால்செமா நெடுஞ்சாலை வழியாக முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் கேரட்டும் மணிலாவுக்கு லாரி லாரியாக இறங்கின. கோசு விற்ற காசில் சமவெளி அரிசி வாங்குவது எளிது. காய்கறி போட்ட விவசாயி தவறு செய்யவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்தக் கோசுதான். ஆனால் நெல் வயலோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. நடவுக்கும் அறுப்புக்கும் ஒருவர் வயலில் எல்லோரும் மாறி மாறி வேலை செய்யும் முறையை அதுயோன் என்பார்கள். கோசுத் தோட்டத்துக்குக் கூலியாள் போதும். இன்று என் வயலுக்கு நீ வந்தாய், நாளை உன் வயலுக்கு நான் வருவேன் என்ற கணக்கு அங்கே தேவைப்படாமல் போயிற்று.

பன்றியின் கதையும் இதுபோலத்தான். சடங்குக்கு உகந்தது வீட்டில் வளர்ந்த கறுப்பு நாட்டுப் பன்றி. பண்ணையில் வளரும் வெள்ளைப் பன்றியை முன்னோர் ஏற்கமாட்டார்கள் என்பது பழைய நம்பிக்கை. 2019இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிலிப்பைன்ஸுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டே பெங்கெட்டுக்கும் வந்தது. கூடவே பெருந்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளும் வந்து சேர்ந்தன. ஒரு பிள்ளைக்குப் பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை ஊரில் பெரிய கூட்டமே கூடவில்லை என்றால், கூட்டத்தில் எங்கே உட்கார வேண்டும், எப்போது எழுந்து ஆட வேண்டும் என்பதை அது எப்படிக் கற்கும்?

நிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். பாகியோ என்ற நகரம் இபாலோய் மக்களின் மேய்ச்சல் நிலத்தின் மேல் எழுந்தது. கஃபாக்வாய் என்று அவர்கள் அழைத்த இடம் அது. அப்போது நாட்டை ஆண்ட அமெரிக்கர்கள் அங்கே தங்களுக்கொரு மலைவாசத்தலம் அமைக்க முடிவு செய்தார்கள். டேனியல் பர்ன்ஹாம் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் திட்டம் வரைந்தார், சுமார் 25,000 பேர் வாழும் நகரத்துக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 3,66,358 பேர். இந்த வேறுபாட்டிலேயே இபாலோய் குடும்பத்தின் முற்றம் என்னவாயிற்று என்பது தெரிந்துவிடும். நூறு பேர் உட்கார்ந்து பன்றி அறுத்துப் பங்கிட்டு விடியும்வரை பறையடிக்க இடம் வேண்டும். அடுத்த வீட்டுக்காரரும் அதில் கலந்துகொள்கிற உறவாக இருக்க வேண்டும். அந்நியர்கள் நெருங்கி வாழும் தெருவில் ஒரு சிறிய மனையை வைத்துக்கொண்டு எப்படி நடத்துவது?

அந்த நிலத்துக்காக வழக்கு நடத்தியவர் மத்தேயோ கரின்யோ, மந்தைகள் வைத்திருந்த இபாலோய் தலைவர். 146 ஹெக்டேர் நிலம் தன்னுடையது, தன் பாட்டன் காலம் முதல் தங்களுடையது என்று அவர் உரிமை கோரினார். அந்த இடத்தை அரசு ராணுவத்துக்கு ஒதுக்க விரும்பியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. 1909 பிப்ரவரி 23 அன்று நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் தீர்ப்பளித்தார். மனித நினைவுக்கு எட்டிய காலம் முதல் தனியுரிமையாக ஆண்டுவரப்பட்ட நிலம் எந்நாளும் அரசு நிலமாக இருந்ததில்லை என்றே கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். உலகெங்கும் பழங்குடி நில உரிமை வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. தீர்ப்பு வந்தபோது கரின்யோ உயிருடன் இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். நிலமும் குடும்பத்துக்குத் திரும்பவில்லை. அது ஜான் ஹே என்ற ராணுவ முகாமாக இருந்து, இன்று பொழுதுபோக்கிடமாக இருக்கிறது.

இன்னொரு கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸ் 1997இல் பழங்குடி மக்கள் உரிமைச் சட்டம் இயற்றியது. கரின்யோ தீர்ப்பின் கருத்துதான் அதற்கு அடித்தளம். அதே சட்டத்தின் 78ஆம் பிரிவு, பாகியோ நகரம் தன் நகர சாசனத்தின்படியே தொடர்ந்து ஆளப்படும் என்று விதிவிலக்குத் தருகிறது. தீர்ப்பு பிறந்த மண்ணுக்கே அந்தச் சட்டம் முழுதாகப் பொருந்தவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வந்த சினம் இன்னும் அடங்கவில்லை.

இன்று பிப்ரவரி 23ஆம் நாளை பாகியோவில் இபாலோய் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பர்ன்ஹாம் பூங்காவில் இபாலோய் மரபுத் தோட்டம் என்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சேகண்டி ஒலிக்கிறது, தயாவ் ஆடுகிறார்கள், பிள்ளைகள் மரபு உடையில் வருகிறார்கள். கபாயானில் பெந்தியான் என்ற வட்ட ஆட்டத்தின் பெயரில் விழா நடக்கிறது. நவம்பரில் மாகாணம் முழுவதற்குமாக அதிவாய் விழா. இவற்றையெல்லாம் நான் குறைத்துப் பேசமாட்டேன். நிலம் போன மக்கள் அதே நிலத்தில் நின்று ஆடுவது சின்ன காரியமில்லை.

ஆனால் மேடைக்குப் போனது எது, போகாதது எது என்று கூர்ந்து பாருங்கள். கண்ணுக்கு விருந்தானவை போயிருக்கின்றன: ஆட்டம், உடை, பறை. மற்றவை போகவில்லை. இறைச்சிப் பங்கு போகவில்லை; பார்வையாளருக்கு யாரும் பங்கு கொடுத்தனுப்புவதில்லை. முன்னோர் பெயர்வரிசை போகவில்லை. வாழ்த்துக்குக் கூட்டம் திருப்பிச் சொல்லும் குரல், ஒலிபெருக்கியில் அறிவிப்பாளரின் குரலாக மாறிவிட்டது. மேடையில் ஆடுகிற பெண்ணுக்கு ஆட்டம் தெரியும். அவள் யாருக்குக் கடமைப்பட்டவள் என்பதை அந்த மேடை அவளுக்குச் சொல்லாது. வழக்கங்களுக்குள் இருந்த கடன்பாடு, வாய்மொழி இரண்டும்தான் முதலில் கழன்று விழுகின்றன என்பது என் கணிப்பு.

மொழிக்கு வருகிறேன். பெங்கெட்டில் கடைத்தெருவிலும் பேருந்திலும் இலோக்கானோ பேசுவார்கள். தொலைக்காட்சி தகலோக்கில், உயர்கல்வி ஆங்கிலத்தில். தந்தை இபாலோய், தாய் பக்கத்து இனமான கங்கனாய் என்றால் வீட்டுக்குள்ளும் பொதுமொழி இலோக்கானோதான். 2013ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தொடக்க வகுப்புகளில் தாய்மொழி வழிக் கல்வி என்றது. கேட்க இனிப்பாக இருந்தது. அதற்கெனக் கல்வித்துறை தேர்ந்த 19 மொழிகளில் இலோக்கானோ இருந்தது, இபாலோய் இல்லை. ஆக, தாய்மொழிக் கல்வி என்ற பெயரிலேயே இபாலோய் பிள்ளை பக்கத்து மொழியைப் படித்தது. 2024 அக்டோபரில் வந்த புதிய சட்டம் தாய்மொழி வழிக் கல்வியையே கட்டாயத்திலிருந்து விலக்கிவிட்டது. ஒரு வகுப்பின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே தாய்மொழிக்காரர்களாக இருந்தால் மட்டும் விரும்பினால் தொடரலாம். கபாயானின் உள்ளூர்ப் பள்ளிக்கு அது ஒருவேளை கைகொடுக்கும். பாகியோவில் அப்படியொரு வகுப்பறை அமைவது அரிது.

மொழி போனால் உடனே நொடித்துப்போவது தொங்தொங். ஊரில் வழக்கு என்றால், நில எல்லையோ, களவோ, கணவன் மனைவி பிணக்கோ, பெரியவர்கள் கூடி இரு தரப்பையும் பேசவைத்துத் தீர்க்கும் சபை அது. நேரடியாகக் குற்றம் சாட்டமாட்டார்கள். பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி, சுற்றி வளைத்து, குற்றவாளியே தன் வாயால் ஒப்புக்கொள்ளும் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். கடைசியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். 1978இல் நாடு முழுவதும் ஊர்மட்டச் சமரச முறையை அரசு ஆணையாகக் கொண்டுவந்தது. 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், பழங்குடி மக்களுக்குள் எழும் வழக்குகளை அவர்கள் வழக்கப்படியே தீர்க்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டது. சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அப்படிச் சுற்றி வளைத்துப் பேச மொழியில் தேர்ச்சி வேண்டும். கேட்கிற இளைஞனுக்கும் அது விளங்க வேண்டும். விளங்காதபோது அவன் சலித்துப்போய் காவல் நிலையத்துக்குப் போகிறான்.

எல்லாப் பழைய வழக்கமும் பொன் என்று நான் சொல்லவரவில்லை. செல்வர் குடும்பங்கள் சிறு பிள்ளைகளுக்கே மணம் பேசி முடிக்கும் கைசிங் என்ற முறை இருந்தது. கடனுக்காக ஆளையே அடிமையாக வைத்துக்கொண்ட காலமும் இருந்தது. சடங்குக்காகக் கடன்பட்டு நிலத்தை இழந்த ஏழைகளும் உண்டு. அவை போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீரும் வேண்டாம். கைசிங்கை மறுத்த பெண்பிள்ளைகள் தங்கள் மக்களுக்கு நன்மையே செய்தார்கள். திருச்சபைகளையும் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல மாட்டேன். 1900களின் தொடக்கத்தில் வந்த கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் மிஷனரிகளின் பள்ளிகளில்தான் பல இபாலோய் பிள்ளைகள் எழுத்தறிந்தார்கள். பின்னால் வந்த சில சபைகள் தப்பேயையும் முன்னோர் வழிபாட்டையும் பாவம் என்று விலக்கியபோது, ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து பாட்டியின் சாவுச் சடங்குக்குப் பேரன் வர மறுக்கும் நிலை உண்டாயிற்று. அந்தக் காயம் ஆற நாளாகும்.

சாவைப் பற்றிப் பேசாமல் இபாலோய் மக்களைப் பற்றிப் பேச முடியாது. கபாயானின் குகைகளில், புகையாலும் மூலிகைச் சாற்றாலும் பதப்படுத்தப்பட்ட முன்னோரின் உடல்கள் பல நூற்றாண்டுகளாக மரப்பெட்டிகளில் குந்திய நிலையில் இருக்கின்றன. அதே மாகாணத்தின் புகியாஸ் பகுதியில் அப்படி வைக்கப்பட்டிருந்த அப்போ அன்னு என்பவரின் உடல் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருடுபோனது. ஊரில் வந்த பஞ்சத்துக்கும் நோய்க்கும் அவர் வீட்டில் இல்லாததே காரணம் என்று மக்கள் நம்பினார்கள். 1984இல் உடல் திரும்பி வந்தபோது உரிய சடங்குகளோடு வரவேற்றுக் குகையில் சேர்த்தார்கள். இறந்தவர் அங்கே வீட்டு மனிதர். கனவில் வந்து குளிர்கிறது என்றால் போர்வை கொடுக்க வேண்டும், பசிக்கிறது என்றால் பன்றி அறுக்க வேண்டும்.

ஆகவேதான் துக்க வீடு அவர்களுடைய பெரிய பள்ளிக்கூடமாக இருந்தது. அங்கே இரவெல்லாம் பாதிவ் பாடுவார்கள். தேர்ந்த பெரியவர் ஒருவர், ஆணோ பெண்ணோ, அந்தக் கணத்திலேயே கட்டிப் பாடுவார். இறந்தவரை நோக்கிப் பேசுவார், அவர் வாழ்வை நினைவூட்டுவார், மக்களுக்கு அறிவுரை சொல்வார், இரண்டு உறவுக்காரர்கள் பேசாமல் இருந்தால் அதையும் பாட்டில் தொட்டுவிடுவார். அவர் ஓர் அடி முடித்ததும் சுற்றியிருப்பவர்கள் அந்த இறுதிச் சொற்களை ஏந்தி நீட்டிப் பாடுவார்கள். முன்பாட்டுக்காரர் அந்த இடைவெளியில்தான் அடுத்த அடியை யோசிக்கிறார். கூட்டம் இல்லாவிட்டால் பாட்டுக்காரருக்கு மூச்சுவிட இடமில்லை, பாட்டே நடக்காது.

இதைக் காகிதத்தில் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. க்ளாட் ரஸ்ஸல் மாஸ் என்ற அமெரிக்கர் 1920இல் இபாலோய் சட்டங்களையும் சடங்குகளையும் தொகுத்து வெளியிட்டார். அரிய உழைப்பு, இன்று இபாலோய் இளைஞர்களே அதைத் தேடிப் படிக்கிறார்கள். பதிவு செய்யுங்கள், இன்னும் நிறையப் பதிவு செய்யுங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் பாதிவ் அன்றன்று அந்த வீட்டுக்கென்று பிறப்பது. நேற்றைய பதிவை இன்றைய சாவு வீட்டில் ஓடவிட முடியாது.

இளைஞர்களுக்குப் பாட்டில் நாட்டமில்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். பெங்கெட்டில் அமெரிக்கக் கண்ட்ரி இசைக்கு அப்படியொரு மவுசு. தொப்பியும் பூட்ஸுமாகக் கித்தாரோடு மேடையேறுகிறார்கள். அதே மெட்டுகளில் இபாலோயிலும் கங்கனாயிலும் பாட்டு கட்டுகிறார்கள். காதல், கோசு விலை, வெளிநாட்டு வேலை, சுரங்கத்தில் போன அண்ணன் எல்லாம் அதில் வருகின்றன. சில பெரியவர்கள் இதைக் கலப்படம் என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ அது நல்ல சேதியாகப் படுகிறது. யாரும் கட்டளையிடாமல் ஓர் இருபது வயதுக்காரன் தன் மொழியில் வரி எழுதுகிறான் என்றால், பாதிவுக்கு வேண்டிய மூலப்பொருள் அவனிடம் இருக்கிறது.

பாதிவை எந்தப் பிள்ளையும் முன்பாட்டிலிருந்து கற்கவில்லை. பின்பாட்டிலிருந்தே கற்றார்கள். பின்பாட்டுக்கு முழு மொழியும் வேண்டாம். கடைசிச் சொற்களைக் காதில் வாங்கித் திருப்பிப் பாடினால் போதும். பத்து வயதில் ஏந்திப் பாடியவர் நாற்பது வயதில் தானாக ஓர் அடி கட்டிப் பார்ப்பார், அறுபதில் முன்பாட்டுக்காரர் ஆவார். இப்போதைய துக்க வீடுகளில் இரவுகள் குறைந்துவிட்டன. வேலைக்கு விடுப்பு கிடைப்பதில்லை, வெளிநாட்டிலிருந்து மகள் வந்ததும் அடக்கம் செய்துவிட வேண்டும். மிஞ்சிய இரவுகளில் ஒலிபெருக்கி ஜெபப் பாடல்களை ஓடவிடுகிறது, ஓரத்தில் சீட்டாட்டம் நடக்கிறது. பிள்ளை ஓரமாக உட்கார்ந்து கைபேசி பார்க்கிறது என்றால், அதனிடம் ஏந்திப் பாட யாரும் எதையும் கொடுக்கவில்லை என்று பொருள்.

ஆகவே இபாலோய் பெரியவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்று உண்டு. துக்க வீட்டின் இரவுகளில் ஓர் இரவையாவது பாதிவுக்கென்று ஒதுக்குங்கள். ஒலிபெருக்கியை அணையுங்கள். பாடுகிறவருக்கு அருகில் பெரியவர்களை உட்காரவைக்காமல் பிள்ளைகளை உட்காரவையுங்கள். உச்சரிப்புத் தப்பினால் சிரிக்காதீர்கள். இலோக்கானோ கலந்து வந்தாலும் விட்டுவிடுங்கள். காலையில் இறைச்சிப் பங்கைப் பையில் போட்டு, கிழவி வீடு இன்னது என்று சொல்லி, அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.